தருமபுரியில் ஒரு பாஸ்கல்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்து தொப்பூர் கணவாயில் வளைந்து இறங்கும்போது காது லேசாக அடைக்கும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கண்ணெல்லாம் முன்னால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும் சரக்கு லாரிகளின் மேல்தான் இருக்கும். தருமபுரி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 280 மீட்டரில். இடைப்பட்ட 180 மீட்டர் இறக்கத்தில் காற்றழுத்தம் சுமார் 20 ஹெக்டோபாஸ்கல் கூடிவிடுகிறது. வங்கக்கடலில் உருவாகும் ஓரளவு வலுவான புயலின் மையத்துக்கும் விளிம்புக்கும் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஒரு புயலின் ஆழத்தை ஒரு பேருந்து டிக்கெட்டில் கடந்துவிட்டு, எதிர் இருக்கைக்காரரிடம் மழை வருமா என்று பேசிக்கொண்டு போகிறோம்.

இந்த அத்தியாயத்தில் நாம் தேடப்போவது 20 ஹெக்டோபாஸ்கலை அல்ல. ஒரு ஹெக்டோபாஸ்கலை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பாஸ்கல், அல்லது பத்துப் பாஸ்கல், போனால் போகிறதென்று நூறு பாஸ்கல். தருமபுரியின் உயரத்தில் ஒரு பாஸ்கல் மாற்றம் என்பது கருவியை ஒன்பது சென்டிமீட்டர் தூக்கி வைப்பதற்குச் சமம். தரையில் இருப்பதை எடுத்து மேசைமேல் வைத்தால் எட்டுப் பாஸ்கல் குறைந்துவிடும். மாடிக்கு எடுத்துப் போனால் முப்பதுக்கு மேல். அப்படியானால் பத்துப் பாஸ்கல் மாறியதா இல்லையா என்று சொல்ல, காற்றை அளப்பதற்கு முன் மேசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. மேட்டுநிலமும் மலையும் கணவாயுமாகக் கிடக்கும் இந்த மாவட்டத்தில் அந்தக் கவலை இரட்டிப்பு. நகரத்திலிருந்து வத்தல்மலைக்கு ஏறினால், அங்கே சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில், அழுத்தம் ஐம்பது ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறைந்திருக்கும். அந்த ஐம்பதுக்கு நடுவே ஒளிந்திருக்கும் 0.1 ஹெக்டோபாஸ்கலை எப்படிப் பிரித்தெடுப்பது?

முதலில் அழுத்தம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தருமபுரியில் ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் வானத்தின் விளிம்பு வரை நிற்கும் காற்றின் எடை ஒன்பதே முக்கால் டன். காற்றழுத்தமானி காட்டும் 958 ஹெக்டோபாஸ்கல் என்பது அந்த எடைதான். ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால், தலைக்கு மேலே சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ காற்று கூடியிருக்கிறது என்று பொருள். வெப்பமானி தன்னைத் தொடும் காற்றைப் பற்றி மட்டுமே பேசும், மழைமானி தன் வாய்க்குள் விழுந்ததைப் பற்றி மட்டுமே. காற்றழுத்தமானி ஓர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டே முழு வானத்தையும் எடைபோடுகிறது. தரையில் வைக்கும் எளிய கருவிகளில் மேலே நடப்பதை இந்த அளவுக்கு அறிவது வேறெதுவும் இல்லை. அழுத்தத்தை நெருக்கமாக அளக்க வேண்டும் என்று வானிலையாளர்கள் ஆசைப்படுவதற்கு இதுதான் காரணம்.

இந்த எடை நாள்தோறும் ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், பிற்பகல் நான்கு மணிக்குத் தாழ்வு, மறுபடி இரவு பத்துக்கு ஓர் உச்சம், விடியற்காலை நான்குக்கு ஒரு தாழ்வு. மழை, வெயில், பொங்கல், தேர்தல் எதுவும் இதைத் தடுப்பதில்லை. காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் நம் பகுதியில் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு வேறுபாடு வரும். தருமபுரி மாவட்டத்தின் 4,497 சதுர கிலோமீட்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், தினமும் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையில் மாவட்டத்தின் மேலிருந்து பதின்மூன்று கோடி டன் காற்று வெளியேறுகிறது. யாருக்கும் மூச்சுத் திணறுவதில்லை.

காற்றுக்கும் ஓதம் உண்டு. கடலின் ஏற்ற இறக்கத்தில் நிலாவுக்கு முதலிடம் என்றால், காற்றில் சூரியனுக்கு. அதுவும் ஈர்ப்பால் அல்ல, வெப்பத்தால். மேலே ஓசோனும் கீழே நீராவியும் சூரிய ஒளியை உறிஞ்சிச் சூடாகின்றன. அந்தச் சூட்டில் எழும் பன்னிரண்டு மணி நேர அலை தரைவரை தடையின்றி வந்து சேர்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அழுத்தமானியைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் என்று தென் அமெரிக்காவில் அளந்த அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் வியந்திருக்கிறார். அவருக்கும் முன்னால், 1794இல், கல்கத்தாவில் பிரான்சிஸ் பால்ஃபர் என்ற மருத்துவர் ஒரு சந்திர மாதம் முழுக்க, தன்னால் முடிந்தவரை அரைமணிக்கொரு முறை பாதரச மட்டத்தைக் குறித்துவைத்து இந்த இரட்டை ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். இரவும் பகலும் அரைமணிக்கொரு முறை எழுந்து பார்த்த மனிதரின் தூக்கத்தை நினைத்துப் பாருங்கள். இன்று அதைச் செய்வது கொத்தமல்லி விதை அளவுள்ள ஒரு சிலிக்கான் துண்டு. தூங்குவதே இல்லை.

பாதரசக் கருவிகளின் காலத்தில் வானிலையாளர்களின் தலைவலி வேறு மாதிரி இருந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது பொறுப்பேற்ற ஹென்றி பிளான்ஃபோர்டின் முன்னால் இருந்த பெரிய வேலை, மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறாக நடந்துவந்த அளவீடுகளை ஒரே முறைக்குக் கொண்டுவருவது. ஒரு கருவி அரை ஹெக்டோபாஸ்கல் கூடக் காட்டினால், வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஒரு தாழ்வு மண்டலம் முளைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கருவியையும் தலைமைக் கருவியோடு ஒப்பிட்டு, அது எவ்வளவு பொய் சொல்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த கருவிகள், குறைந்த எண்ணிக்கை, ஒவ்வொன்றும் கூடியவரை உண்மை: ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வானிலை அறிவியல் இப்படித்தான் நடந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள புயல்களைப் பிடிக்க இது போதும். பாலக்கோட்டில் கிளம்பி தருமபுரியில் முடிந்துபோகும் ஒரு கோடை மழையைப் பிடிக்கப் போதாது.

அந்தச் சிலிக்கான் துண்டுக்கு வருவோம். பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 என்ற சென்சார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரம். இணையக் கடைகளில் சிறிய பலகையில் பொருத்தி இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. உள்ளே வெற்றிடக் குழி ஒன்று, அதன்மேல் மெல்லிய சிலிக்கான் சவ்வு. வெளிக்காற்று அழுத்தும்போது சவ்வு கண்ணுக்குத் தெரியாத அளவு குழிகிறது. சவ்வில் பதிந்துள்ள மின்தடைகள் இழுபட்டு அவற்றின் தடை மாறுகிறது. அதை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் சுற்று பக்கத்திலேயே இருக்கிறது. இது வானிலைக்காகப் பிறந்த பொருள் அல்ல. கைப்பேசி தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்று அறியவும், ட்ரோன் உயரம் மாறாமல் நிற்கவும் செய்யப்பட்டது. கோடிக்கணக்கில் விற்றதால் விலை இறங்கியது. அந்த மலிவின் ஓரத்தில் வானிலையாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதன் விவரக் குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கின்றன. மொத்த அழுத்தத்தைச் சொல்வதில் பிழை கூட்டியோ குறைத்தோ ஒரு ஹெக்டோபாஸ்கல். மாற்றத்தைச் சொல்வதில் பிழை 0.12 ஹெக்டோபாஸ்கல் மட்டுமே. சில நிமிடங்களுக்குள் நடக்கும் மாற்றமென்றால் இன்னும் நுட்பமாக, ஓரிரு பாஸ்கல் வரைகூடப் பிரித்தறியும். என்னைக் கேட்டால் இந்த அத்தியாயத்தின் விஷயம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க்கடிகாரத்தை நம்பி ரயிலுக்குப் போக முடியாது. ஆனால் இட்லி வேக எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அதே கடிகாரம் சரியாகச் சொல்லிவிடும். பிளான்ஃபோர்டுக்கு ரயிலுக்கான நேரம் வேண்டியிருந்தது. நமக்கு இட்லிக்கான நேரம் போதும். தருமபுரியில் அழுத்தம் 958ஆ 959ஆ என்பதை விட்டுவிட்டு, கடந்த பத்து நிமிடத்தில் அது எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் கேட்டால், கருவியின் நிரந்தரப் பொய்யும், அது நிற்கும் மேட்டின் உயரமும் ஒரே கழித்தலில் காணாமல் போய்விடும். வத்தல்மலையின் ஐம்பது ஹெக்டோபாஸ்கல் பிரச்சினை இப்படித் தீர்கிறது. மலை நகர்வதில்லை.

ஆனால் மாற்றத்தை மட்டும் பார்ப்பதில் ஒரு குழப்பம் மிஞ்சும். நூறு பாஸ்கல் திடீரென்று குறைந்ததாகச் சென்சார் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வானத்தில் ஏதோ நடந்திருக்கலாம். யாராவது அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருக்கலாம். ஒற்றைச் சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்து ஊரில் இன்னொன்று இருந்து, அதிலும் அதே வளைகோடு சற்று முன்போ பின்போ பதிவாகியிருந்தால், தொட்டிக் கதை அடிபட்டுப் போகும். மூன்றாவது ஒன்று ஒரே நேர்கோட்டில் அமையாமல் இருந்தால் அலை எந்தத் திசையிலிருந்து, எந்த வேகத்தில் வந்தது என்பதும் தெரிந்துவிடும். பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி என்ற முக்கோணமே போதும். இதில் தேவைப்படுவது இரண்டே: மூன்று கருவிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும்; அளவுகள் நெருக்கமாக எடுக்கப்பட வேண்டும். நொடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 86,400 எண்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய கோப்பில் அடங்கிவிடும்.

நொடிக்கு ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு 2022 ஜனவரி 15 நல்ல சாட்சி. தமிழ்நாட்டில் அன்று மாட்டுப் பொங்கல். பசிபிக் கடலில் தொங்கா தீவுகளுக்கு அருகே ஹுங்கா தொங்கா எரிமலை வெடித்தது, நம் நேரப்படி காலை பத்து மணி சுமாருக்கு. வெடிப்பு காற்று மண்டலத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே தள்ளாகத் தள்ளியது. அந்த அலை நொடிக்கு 310 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர் கடந்து அன்றிரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் சென்னையின் மேல் போனது. வீட்டு மொட்டைமாடியில் தானியங்கி வானிலைக் கருவி வைத்திருந்த ஆர்வலர்களின் வரைபடங்களில்கூட, இரவு உச்சத்தை நோக்கி அமைதியாக ஏறிக்கொண்டிருந்த கோட்டில் திடீரென்று ஒரு முள் எழுந்து இறங்கியது. அளவு ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி இறங்கிய அளவுதான். அது தொட்டி அல்ல என்று எப்படித் தெரியும்? பல மாநிலங்களில் பல கருவிகள் வரிசையாக, ஒரே கணக்கான தாமதத்தோடு, அதே முள்ளைக் காட்டின. வெடித்த இடத்திலிருந்து அளந்தால் தருமபுரி சென்னையைவிட 190 கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிறது. ஆக அலைக்குச் சென்னையிலிருந்து தருமபுரிக்குப் பத்து நிமிடம். மாவட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சில நிமிடங்களே. மணிக்கு ஒருமுறை குறிக்கும் ஏட்டில் அது ஒரு புள்ளியாகக்கூட நின்றிருக்காது.

எரிமலையிலிருந்து இவ்வளவு வலுவான அலை இதற்கு முன் பதிவானது 1883 ஆகஸ்ட் 27இல், கிரகடோவா வெடித்தபோது. உலகெங்கும் வானிலை நிலையங்களின் காகிதச் சுருள்களில் மையால் வரையப்பட்ட அந்த முட்களைச் சேகரித்து லண்டன் ராயல் சொசைட்டி 1888இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அலை பூமியைச் சுற்றிச் சுற்றி வந்ததைக் கண்டுபிடித்தது அந்தக் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான். வலைப்பின்னல் என்ற யோசனை புதியதல்ல. அதன் கண்ணி எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதுதான் மாறியிருக்கிறது.

எரிமலை அபூர்வம். தருமபுரிக்காரருக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி கோடை மழை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் முழுக்கக் காய்ந்து, நான்கு மணிக்குமேல் ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் வானம் கறுக்கும். மழைக்கு முன்னால் காற்று வரும். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பயம் மழையின் மேல் அல்ல, அந்தக் காற்றின் மேல்தான். முற்றும் தறுவாயிலிருக்கும் பெங்களூரா மாங்காய்கள் ஒரே வீச்சில் உதிர்ந்துவிடும். வாழை முறிந்து சாயும்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? இடிமேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, ஆகவே கீழே விழுகிறது, தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. இப்படிப் பரவும் குளிர்காற்றுத் திட்டு ஒரு கிலோமீட்டர் உயரமும், சுற்றியுள்ள காற்றைவிட ஐந்து டிகிரி குளிர்ச்சியும் கொண்டது என்று வைத்தால், அதன் கூடுதல் எடை அழுத்தமானியில் 1.8 ஹெக்டோபாஸ்கல் ஏற்றமாகத் தெரியும். இருநூறு ரூபாய்ச் சென்சாருக்கு அது மலை. இன்னொரு விஷயமும் உண்டு. முன்னேறும் குளிர்காற்று எதிரே நிற்கும் சூடான காற்றை முட்டித் தள்ளுவதால், காற்று வந்து அடிப்பதற்குச் சற்று முன்னரே அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். மரம் அசையுமுன் சென்சார் அசையும். தனி ஒரு கருவியில் கிடைக்கும் இந்த முன்னறிவிப்பு மிகக் குறுகியது. ஓடிப்போய்த் துணியை எடுக்கலாம், அவ்வளவே. பாலக்கோட்டில் ஏறியதைத் தருமபுரியில் இருப்பவர் பார்க்க முடிந்தால் கதை வேறு. நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் வரும் முகப்புக்கு இரண்டு ஊர்களுக்கும் இடையிலான 25 கிலோமீட்டரைக் கடக்க அரைமணி நேரம் ஆகும்.

இந்தக் குளிர்காற்றுத் திட்டை அழுத்தத்தின் வழியாகப் படித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் தெட்சுயா ஃபுஜிதா. டொர்னாடோ சுழற்காற்றுகளின் வலிமையை அளக்கும் எஃப் அளவுகோல் அவர் பெயரால் வழங்குவது. 1947இல், போரில் நொறுங்கிய ஜப்பானில், கியூஷூ தீவின் செபுரி மலை உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் ஓர் இடிமழை கடந்து போவதைக் கவனித்தார். அவர் கையிலிருந்தவை அழுத்தப் பதிவுகளும் காற்றுப் பதிவுகளும் மட்டுமே. அவற்றைச் சுற்றுவட்டார நிலையங்களின் பதிவுகளோடு பொருத்தி, இடிமேகத்துக்குள் மேலே போகும் காற்று மட்டுமல்ல, கீழே பாயும் காற்றும் இருக்கிறது, தரையில் அதற்கடியில் சிறிய உயரழுத்தத் திட்டு உருவாகிறது என்று வரைந்து காட்டினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஹோரஸ் பையர்ஸ் தலைமையில் ஃபுளோரிடாவிலும் ஒஹாயோவிலும் ராணுவ விமானங்களை இடிமேகங்களுக்குள்ளேயே ஓட்டி ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதுவும் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தது. ஃபுஜிதா தன் கட்டுரையைப் பையர்ஸுக்கு அனுப்பினார். 1953இல் சிகாகோவுக்கு அழைப்பு வந்தது. விமானம் ஓட்டக் காசில்லாதவர் அழுத்தக் கோட்டை உற்றுப் பார்த்தார் என்பது சென்சார் விலை குறைந்த இந்தக் காலத்துக்கு மிகவும் பொருந்துகிற செய்தி.

இன்று அந்த வேலையை ஜெர்மானியர்கள் பெரிய அளவில் செய்துவிட்டார்கள். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தினர் தாங்களே வடிவமைத்த, அப்பல்லோ என்று பெயரிட்ட எளிய நிலையங்களை 2020 கோடையில் ஹாம்பர்க் நகரைச் சுற்றியும், அடுத்த கோடையில் லிண்டன்பெர்க் பகுதியிலும் எண்பது அளவில் நட்டார்கள். அவை அளந்தவை வெப்பமும் அழுத்தமும் மட்டுமே, ஆனால் நொடிக்கொரு முறை. ஒரு குளிர்காற்றுத் திட்டு பிறந்து, பரவி, கலைந்துபோவது முழுவதையும் அவற்றால் பின்தொடர முடிந்தது. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா யூட்டரின் குழு டொராண்டோ, நியூயார்க் வட்டாரங்களில் மலிவான அழுத்தச் சென்சார்களைப் பரப்பி வேறொன்றைத் தேடியது: அடுக்கடுக்காக நிலைத்து நிற்கும் காற்று மேலே தள்ளப்பட்டு மறுபடி விழும்போது உண்டாகும் மிதப்பு அலைகள். சில பத்துப் பாஸ்கல் அளவுள்ள இந்த அலைகள் மேகத்துக்குள் மழையையும் பனியையும் வரிவரியாக மாற்றக்கூடும் என்ற சந்தேகம் அவர்களுக்கு. அந்தச் சென்சார்கள் தொங்காவையும் பிடித்தன. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்றும்.

தனிச் சென்சார் எதற்கு, கைப்பேசிகளிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். 2011 முதல் பல கைப்பேசிகளில் அழுத்தமானி வரத் தொடங்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிளிஃப் மாஸும் லூக் மடாவ்ஸும் 2014இல், இலட்சக்கணக்கான கைப்பேசிகளின் அழுத்தத்தைக் கணினி மாதிரிகளுக்குள் ஊட்டினால் குறுகிய நேர முன்னறிவிப்பு மேம்படும் என்று எழுதினார்கள். சமவெளி நகரங்களில் அது எடுபடலாம். தொப்பூர் வழியாகப் பேருந்தில் இறங்கும் கைப்பேசி இருபது ஹெக்டோபாஸ்கல் ஏறியதாகச் சொல்லும். பென்னாகரம் சாலையில் ஒகேனக்கலுக்குக் குளிக்கப் போகும் கைப்பேசியும் அப்படியே. ஜிபிஎஸ் தரும் உயரத்திலோ பல மீட்டர் பிழை. மாற்றத்தை அளப்பதன் மொத்தப் பலமும் கருவி நகராமல் இருப்பதில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்துக்குச் சுவரில் ஆணியடித்து மாட்டிய சென்சார்தான் சரி.

எந்தச் சுவர் என்பது அடுத்த கேள்வி. இங்கே அழுத்தத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மழைமானிக்குத் திறந்த வெளி வேண்டும், வெப்பமானிக்கு நிழற்கூண்டு வேண்டும், ஆடு மாடு முட்டாமல் வேலி வேண்டும். அழுத்தம் சன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். பள்ளி ஆசிரியர் அறையின் பீரோ மேல் வைத்தால் போதும். சொல்லப்போனால் வெளியே வைப்பதுதான் தொல்லை: நொடிக்குப் பத்து மீட்டர் காற்று நேராகத் துளையில் மோதினால் ஐம்பது பாஸ்கலுக்கு மேல் பொய்யான ஏற்றம் காட்டும். உள்ளே வைத்தால் கதவை ஓங்கிச் சாத்தும்போதெல்லாம் ஒரு சிறு முள் வரும், அதைப் பழகிவிடலாம். தகரக் கூரையடியில் வைக்கக் கூடாது. சூடு ஏறினால் அளவு நகரும். சிலிக்கானின் மேல் நேரடி வெயில் பட்டாலும் பிழை வரும்.

இதனால் எல்லாம் முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. 2020 மே 20 அன்று பெங்களூரு நகரத்தையே அதிரவைத்த பெருஞ்சத்தம் நினைவிருக்கலாம். விமானப்படையின் சோதனை விமானம் ஒலியைவிட வேகமாகப் பறந்ததால் எழுந்தது என்று பின்னர் விளக்கம் வந்தது. அப்படிப்பட்ட அதிர்ச்சி அலை ஒரு நொடிக்குள் வந்து போய்விடும். நொடிக்கு ஒரு முறை பார்க்கும் சென்சார் கண்சிமிட்டும் நேரத்தில் அதைத் தவறவிடும். ஒகேனக்கல் போன்ற பெரிய அருவிகள் காதுக்குக் கேட்காத அளவு தாழ்ந்த ஒலியை எழுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கவும் வேறு வகைக் கருவி வேண்டும்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பது என்ன? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றியத்துக்கு ஒன்று என்று மாநிலம் முழுக்க 385 தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியது. அழுத்தமும் அவை அளப்பவற்றில் ஒன்று. தருமபுரி மாவட்டத்துக்குக் கணக்குப் பார்த்தால் இருபது கிலோமீட்டருக்கு ஒன்று போல வரும். விவசாயிக்கு எப்போது மருந்தடிக்கலாம் என்று சொல்ல இது நல்ல அடர்த்தி. கோடை மழையின் குளிர்காற்றுத் திட்டோ பல சமயம் இருபது கிலோமீட்டரே அகலம். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் பிறந்து நடுவிலேயே செத்துவிடும். மணிக்கொரு மதிப்பாகப் பார்த்தால் பதினைந்து நிமிட ஏற்றம் கோட்டில் கரைந்தும்போகும். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், ஊராட்சிக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கான தானியங்கி மழைமானிகள் நிற்கின்றன. விழுந்த மழையை அவை நுணுக்கமாகச் சொல்லும், விழப்போவதைச் சொல்லாது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இந்த இடைவெளியைக் காட்டிக்கொடுத்தது. கடந்த பின்னும் பல மணிநேரம் நகராமல் நின்றுவிட்டு, வலுவிழந்து உள்நாட்டுக்குள் ஊர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், தருமபுரி மாவட்டம் அரூரில் 33 சென்டிமீட்டர் மழை. கடலோரத்தில் விழுந்தால்கூடத் திகைக்கவைக்கும் அளவு, கடலிலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். வலுவிழந்த தாழ்வு என்றால் அழுத்தப் பள்ளம் ஆழமற்றது என்று பொருள், சில ஹெக்டோபாஸ்கல். நாள்தோறும் வரும் ஓதத்தின் மூன்று ஹெக்டோபாஸ்கலோடு அது கலந்து கிடக்கும். தொலைவில் தொலைவில் நிற்கும் நிலையங்களை வைத்து அதன் மையம் அரூருக்கு வடக்கேயா தெற்கேயா என்று சொல்வது கடினம்.

மொரப்பூர், கம்பைநல்லூர், தீர்த்தமலை, கோட்டப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என்று அரூரைச் சுற்றி முப்பது பள்ளிகளில் சென்சார் இருந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்? மழை இவ்வளவு பெய்யும் என்று முதல்நாளே சொல்லியிருக்க முடியாது; அதை வாக்குறுதியாகக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு சென்சாரின் நிரந்தரப் பிழையையும் கழித்து, அன்றைய ஓதத்தையும் கழித்து, மிஞ்சுவதை நிமிடத்துக்கு நிமிடம் வரைந்தால் பள்ளத்தின் மையம் ஊர்வது தெரிந்திருக்கும். நின்றுவிட்ட நேரமும் தெரிந்திருக்கும். நின்ற மையத்தைச் சுற்றி ஒரே இடத்தில் மழை கொட்டுவதுதான் இப்படிப்பட்ட அமைப்புகளின் ஆபத்து.

முப்பது நிலையங்களுக்குச் சென்சார், வைஃபை சிப், பெட்டி, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு லட்ச ரூபாய்க்குள் முடித்துவிடலாம் என்பது என் மதிப்பீடு. பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியால் இந்தச் சுற்றை ஒரு பிற்பகலில் இணைத்துவிட முடியும். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஊருக்கு ஊர் அனுப்புமுன் முப்பதையும் ஒரே அறையில், ஒரே மேசைமேல், ஒரே உயரத்தில் ஒரு வாரம் ஓடவிட்டு, எது எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, சூடு ஏறும்போது எது நகர்கிறது என்று குறிக்க வேண்டும். இந்தச் சிப்புகள் ஆண்டுக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை மெல்ல இடம்பெயரக்கூடியவை. ஆகவே அடுத்த கோடை விடுமுறையில் முப்பதையும் திரும்பக் கொண்டுவந்து அதே மேசையில் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரி தீர்ந்தவை, எலி கடித்தவை, பெயிண்ட் அடித்தபோது யாரோ கழற்றி மறந்தவை எல்லாம் அப்போதுதான் தெரியவரும்.